ராணியின் தாடை

தெருவில் அவளுக்கு எலும்பு டாக்டர் என்று பெயர். வைத்தவர் எதிர்வீட்டுத் தையல்காரர். "எம்பொண்ணு எலும்பைப் பத்திப் படிச்சு டாக்டர் பட்டம் வாங்கியிருக்கா" என்று அம்மா என்றோ பெருமையடித்தது அவர் காதில் விழுந்து, அன்றிலிருந்து மூட்டுவலிக்காரர்கள் வாசலுக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். வந்ததும் முழங்காலைத் தூக்கிக் காட்டுவார்கள். "செத்து ஆயிரக்கணக்கா வருஷம் ஆனவங்க எலும்புதாங்க எனக்குத் தெரியும்" என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாலும் யாரும் கேட்பதாக இல்லை. "எனக்கும் வயசாயிடுச்சும்மா, சும்மா பாரு" என்று தையல்காரர் காலை இன்னும் கொஞ்சம் நீட்டுவார்.

அவள் சொன்னது நிஜம்தான். மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பழைய எலும்பில் சின்னத் துளை போட்டு, ஒரு சிட்டிகை பொடி எடுத்து, அதற்குள் இன்னும் மிச்சமிருக்கும் மரபணுவைப் படிப்பதுதான் வேலை. யாருக்கு யார் பிள்ளை, எந்தக் கூட்டம் எந்தக் கூட்டத்தோடு கலந்தது, யார் எங்கிருந்து நடந்து வந்தார்கள் என்பதையெல்லாம் அந்தப் பொடி சொல்லும். எல்லா எலும்பும் சொல்லாது. காதுக்குப் பின்னால், மண்டையின் அடியில், கல்லு மாதிரி கெட்டியாக ஒரு எலும்பு இருக்கிறது. ஆளுக்கு இரண்டுதான். பல்லும் சில சமயம் சொல்லும். மற்றதெல்லாம் ஊமை.

அவளுக்கு இந்தப் பைத்தியம் வீட்டிலிருந்தே தொற்றியது. அப்பா அருங்காட்சியகத்தில் உடைந்ததை ஒட்டுகிறவர். பானை, பொம்மை, எலும்பு எதுவானாலும் நொறுங்கி வந்ததை முழுசாக்கிக் கொடுப்பார். அங்கே அவரை ஒட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள், ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் ஓய்வு பெறவில்லை. அவர் ஒட்டியதிலேயே பேர்பெற்றது ராணி. சின்னச் சின்னத் துண்டுகளாக வந்த ஒரு பெண்ணின் மண்டையோடு, தாடையோடு சேர்த்து முழு முகமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அவள் ராணியா, இல்லையா என்பது யாருக்குத் தெரியும்? பக்கத்தில் நாலு பாசிமணி கிடந்தது, யாரோ ராணி என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. இப்போது அவளுக்கென்றே ஒரு கூடம் கட்டி முடித்திருந்தார்கள். திறப்புவிழாவில் ஒட்டுக்காரருக்குப் பாராட்டு. அதற்காக அப்பா புதுக் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தார். தையல்காரர் அளவெடுக்கும்போதும் முழங்காலைப் பற்றித்தான் பேசினார்.

ராணியின் காதெலும்பில் துளை போட அருங்காட்சியகம் எளிதில் சம்மதிக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும், ஒரே ஒரு முறை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். இடது பக்கத்தில் போட்டாள். அந்த எலும்பின் குறுக்கே பழைய ஒட்டு ஒன்று ஓடியது. அதன் ஓரமாகத்தான் இடம் கிடைத்தது.

முடிவு வந்த அன்று, லேபின் தலைவி அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். எல்லோரும் பெரிய மேடம் என்று கூப்பிடும் அந்த அம்மாள் கதவைச் சாத்தினால் நல்லதற்கில்லை.

"முகமூடிய எப்பவாவது கீழ இறக்குனியா?"

"இல்ல மேடம்."

"தும்மினியா? யோசிச்சு சொல்லு."

"மேடம், அந்த ரூமுக்குள்ள எனக்கு எச்சில் முழுங்கவே பயம்."

பொய்யில்லை. அந்த அறைக்குள் நுழைவதற்குத் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, இரண்டு கையுறை, முகமூடி, அதன்மேல் கண்ணாடி. உள்ளே போனால் மூக்கு அரிக்கும், சொறிய முடியாது. அவ்வளவும் எதற்கென்றால், செத்தவர்கள் மரபணு நூல் நூலாகப் பிய்ந்து கொஞ்சூண்டுதான் இருக்கும், உயிரோடு இருக்கிறவர்களின் ஒரு துளி எச்சில் பட்டால் அதை மூழ்கடித்துவிடும். அதனால்தான் லேபில் சேரும் ஒவ்வொருவரும் முதல் வேலையாகத் தங்கள் எச்சிலைக் கொடுத்து வைக்கிறார்கள். எங்காவது கலப்படம் தெரிந்தால் குற்றவாளி யாரென்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

"அப்ப இது யாரு?" பெரிய மேடம் திரையைத் திருப்பினார். "முக்கால்வாசி புதுசு. நுனி பிய்யாம, நேத்து துப்புன மாதிரி இருக்கு. தாய்வழி எது தெரியுமா? உன்னோடது. இந்த லேப்ல வேற யாருக்கும் அது இல்ல."

தாய்வழி என்பது அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு மாறாமல் அப்படியே வருவது. ராணியின் பொடிக்குள் தானே உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளுக்கு அவமானமாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக் குழு கூடுது. வலது காதைக் கேட்கலாம்னு இருந்தேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது? என் ஆளு கவனமில்லாம கெடுத்துட்டான்னு சொன்னா, குடுப்பாங்களா? நானா இருந்தா குடுக்க மாட்டேன். உன்னையும் அந்த ரூமுக்குள்ள விட மாட்டேன்."

"எனக்கு ரெண்டு நாள் குடுங்க மேடம்."

"எதுக்கு?"

"அது நானான்னு பார்க்கணும்."

பெரிய மேடம் அவளை விநோதமாகப் பார்த்தார். ஆனால் கொடுத்தார்.

தாய்வழி என்பது ஒரு மெல்லிய இழைதான். ஆளின் மிச்சமெல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது. அவள் தன் எச்சிலிலிருந்து படித்த முழு மரபணுவையும் ராணிக்குள் இருந்த புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இடம் இடமாக ஒப்பிட்டாள். தானேயென்றால் எல்லா இடமும் முழுசாக ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை. எல்லா இடத்திலும் சரியாகப் பாதிதான் ஒத்துப்போனது. அவள் ஒருமுறை கைதட்டினாள். பக்கத்து மேசைக்காரன் திரும்பிப் பார்த்தான்.

நான் இல்லை! அந்தச் சந்தோஷம் ஒரு தேநீர் ஆறும் நேரம்கூட நிற்கவில்லை. அக்கா தங்கையாக இருந்தால் சில இடத்தில் முழுசாக ஒத்துப்போகும், சில இடத்தில் ஒன்றுமே ஒத்துப்போகாது. எங்கே தொட்டாலும் பாதி என்றால் பெற்றவள், அல்லது பெற்ற பிள்ளை. அவளுக்குப் பிள்ளை இல்லை. பெற்றவளோ, அருங்காட்சியகத்துப் படியைக்கூட மிதிக்காதவள். "அந்த மண்டையோட்டு மூஞ்சிங்கள நான் எதுக்குப் பார்க்கணும், உங்கப்பா மூஞ்சி போதாதா" என்று சொல்லிக்கொண்டிருப்பவள். அப்படிப்பட்டவளின் எச்சில் ஆறாயிரம் வருஷத்துக் காதுக்குள் எப்படிப் போனது?

வீட்டுக்குப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. அம்மா சமையலறை மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மேசைக்கு மேலே ஒரு இடத்தில் கூரை ஒழுகும், அதற்குக் கீழே எப்போதும்போல அடி கறுத்த பாத்திரம். அப்பா புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, ஒரு தோள் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்து அம்மா முன்னால் வைத்தாள்.

"இதுல கொஞ்சம் துப்பும்மா."

"ஏண்டி, பெத்தவளைப் பார்த்து துப்புங்கற."

"ஒரு வேலைக்கு."

"என்ன வேலை? எனக்கு ஏதாவது நோவா? உண்மையச் சொல்லு."

"உனக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான். ராணி காதுக்குள்ள யாரோட எச்சிலோ இருக்கு. என்னோடதுன்னு என்னை நிறுத்தி வச்சுக் கேக்கறாங்க. பார்த்தா என்னோடது இல்ல, என்னைப் பெத்தவளோடது."

கத்தி நின்றது. கண்ணாடி முன்னால் கோட்டும் நின்றது.

"அது எப்படி இத்தனை வருஷம் காயாம இருக்கும்?" என்றாள் அம்மா. கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"விடேன் அந்தப் பேச்சை" என்றார் அப்பா.

"நான் எங்க எடுத்தேன்? ஊருக்கெல்லாம் காது குத்தறது உங்க பொண்ணுதான்." அம்மா நறுக்கிய பீன்ஸை ஓரமாகத் தள்ளினாள். இனி மறைத்துப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மறைப்பதில் அவளுக்குப் பெரிய ஆசையும் இருந்ததாகத் தெரியவில்லை. "உங்கப்பா ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டு போச்சே, அந்த வருஷம். அப்ப தற்காலிக ஆளு. கை போனவனை யாரு வச்சுக்குவா? ராணி பிஸ்கட் டப்பாவுக்குள்ள தூள்தூளா வீட்டுக்கு வந்துட்டா. அந்தக் காலத்துல அப்படித்தான், பட்டறை ஒழுகுதுன்னு வீட்டுக்கே குடுத்து விட்டுருவாங்க. இங்க மட்டும் ஒழுகலையாக்கும்."

"நீதான் ஒட்டுனியா?"

"அவர் சொல்லச் சொல்ல நான் ஒட்டினேன். முதல் வாரம் அவர் சொன்னார். அப்புறம் அவர் சொல்றதுக்கு முந்தி எனக்கே தெரிய ஆரம்பிச்சுது. ஒரு துண்டைக் கையில எடுத்தா இது எங்க போகும்னு விரலுக்கே தெரியும். இதோ, இந்த மேசையிலதான். தட்டு நிறைய மணல், அதுல துண்டை நட்டு நட்டு வச்சு. நீ கீழ உக்காந்து சிந்துன மணல்ல வீடு கட்டிட்டு இருந்த."

"எச்சில் எப்படிம்மா?"

"தண்ணி பட்டா அந்த எலும்பு ஊறிப் பொடிஞ்சிரும். விரல்ல எச்சில் தொட்டு ஓரத்தைத் துடைச்சா மண்ணு மட்டும் வரும். அவசரத்துக்கு நாக்குலயே வச்சுத் துடைச்சுருவேன். எலும்புன்னா நாக்குல ஒட்டும், கல்லுன்னா ஒட்டாது. அதுவும் உங்கப்பா சொல்லிக்கொடுத்ததுதான்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உலகத்தில் இருக்கிற அத்தனை லேபும் ஒரு எச்சில் துளிக்குப் பயந்து நடுங்க, இங்கே ஒருத்தி ராணியை நக்கியே கழுவியிருக்கிறாள். கழுவி, அதன்மேல் பசையையும் போட்டு, காற்றுப் புகாமல் மூடி வைத்திருக்கிறாள்.

"குழுவுல யாருன்னு சொல்லியே ஆகணும்மா. சொல்லலைன்னா நான்தான் கெடுத்தேன்னு ஆயிடும். வலது காது கிடைக்காது. ரூமுக்குள்ளயும் விட மாட்டாங்க."

"உங்கப்பாவைக் காட்டிக்கொடுத்துட்டு எனக்கு ஒரு காதும் வேணாம். திறப்புவிழா வச்சிருக்காங்க. ஊரே கூப்பிட்டு ஒட்டுக்காரர், ஒட்டுக்காரர்ங்குது. இப்பப் போயி அது அவர் இல்ல, அவர் பொண்டாட்டின்னா?"

"அப்ப நான் பொய் சொல்லட்டுமா?"

"ஒரு தடவை தும்மிட்டேன்னு சொன்னா என்ன கொறஞ்சு போயிடும்?"

"என் வேலை போயிடும்மா!"

அப்பா கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா கோட்டை எடுத்து, நனையாத பக்கமாக மாட்டினாள். பிறகு குப்பியை எடுத்து, திரும்பி நின்று, துப்பிக் கொடுத்தாள்.

"போதுமா பாரு. என் வாயி காய்ஞ்சு கிடக்கு" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் என்ன சொல்வது என்று தீர்மானிக்காமலே குழு முன்னால் போய் நின்றாள். பெரிய மேசை, ஏழெட்டுப் பேர், நடுவில் காப்பாளர். பெரிய மேடம் பக்கத்தில் அமர்ந்து விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். "கலப்படம் யாரோடது?" என்று காப்பாளர் கேட்டார். அவள் தொண்டையைச் செருமினாள். அப்போது கதவு திறந்தது. புதுக் கோட்டில், ஒரு தோள் ஏறியபடியே, அப்பா வந்து நின்றார்.

"ஒட்டுக்காரரே, விழா அடுத்த மாசம்தானே?" என்றார் காப்பாளர் சிரித்துக்கொண்டு.

"தெரியுங்க. என் பொண்ணு எதையும் கெடுக்கல. அந்த எச்சில் என் சம்சாரத்தோடது. ராணியை ஒட்டினது நான் இல்ல, அவதான். அப்ப என் கை ஒடிஞ்சிருந்துச்சு. வேலை போயிடும்னு மறைச்சேன். அப்புறம் கை சரியாச்சு, வேலையும் நிலைச்சுது. சொல்லியிருக்கலாம். எல்லாரும் நல்லா ஒட்டியிருக்கேன்னு சொல்லச் சொல்ல, எனக்கே நான்தான் ஒட்டினேன்னு ஆயிப்போச்சு."

அவ்வளவுதான் சொன்னார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. திரும்பி வெளியே போய்விட்டார். அவளுக்கு அப்பாவின் பின்னால் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஓடவில்லை, வலது காது வேண்டியிருந்தது.

குழு வலது காதைக் கொடுத்தது. ஒட்டே இல்லாத பக்கம் என்பதால் அதில் சந்தேகம் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தாடையிலிருந்து ஒரு பல்லையும் கொடுத்தார்கள். பாராட்டைத் தள்ளி வைத்தார்கள். வீட்டில் இரண்டு நாள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள், அம்மா ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி, "கோட்டு நல்லாத்தான் இருந்துச்சாம், தையக்காரர் சொன்னார்" என்றாள். அப்பா ரொட்டியை வாங்கிக்கொண்டார். அதோடு அந்த விஷயம் அந்த வீட்டில் முடிந்தது.

லேபில்தான் முடியவில்லை. இந்தத் தடவை காதும் சுத்தம், பல்லும் சுத்தம். நுனி பிய்ந்த, பழைய, நிஜமான மரபணு. அவள் சம்பிரதாயத்துக்காக இரண்டையும் ஒப்பிட்டாள். ஒரே ஆள், முழுசாக ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை. எங்கே தொட்டாலும் சரியாகப் பாதி. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். இந்தப் பாதியை அவளுக்கு நன்றாகத் தெரியும். சில வாரம் முன்புதான் அது அவள் உயிரை எடுத்தது. தாய்வழியும் ஒன்றே, இரண்டும் பெண்.

அன்றைக்கு மழையில்லை. அம்மா கொல்லைக் கதவைத் திறந்து வைத்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ராணி ஒருத்தி இல்ல. ரெண்டு பேரு."

"என்னடி உளர்ற?"

"மண்டை ஒருத்தியோடது, தாடை இன்னொருத்தியோடது. அம்மாவும் பொண்ணும். உனக்கும் எனக்கும் எப்படி இருக்கோ, அச்சு அசல் அப்படி."

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. மகள் எதிர்பார்க்காதது இது. ஆச்சரியப்படுவாள் என்று ஓடி வந்தால், அம்மா சீவிய கிழங்கைத் தண்ணீரில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நான் தப்பா ஒட்டிட்டேன்."

"உனக்கெப்படித் தெரியும்? ரெண்டு பேரையும் ஒரே குழியில வச்சிருக்காங்க. மிச்ச எலும்பெல்லாம் மண்ணோட மண்ணாப் போச்சு."

"தெரியும்டி. தாடை உக்காரவே இல்ல. ஒரு பக்கம் தூக்கிக்கிட்டே நின்னுச்சு. பல்லெல்லாம் தேஞ்சு கிழவி பல்லு, மண்டை மட்டும் இளசா இருந்துச்சு. உங்கப்பாகிட்ட கேட்டேன். கல்லும் மண்ணும் கலந்து தின்னா தேயத்தான் செய்யும்னார். சரின்னு மெழுகு வச்சு உக்கார வச்சேன். அன்னைக்கே விட்டிருக்கணும்." நாற்பது வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரே பெருமை அது. பெருமை வெளியே வந்த மாதமே பிழையும் வெளியே வந்துவிட்டது. அவளுக்குக் கண் கலங்கியது.

கூடத்திலிருந்து அப்பா, "தப்புல பாதி எனக்கு" என்று குரல் கொடுத்தார்.

அம்மா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள், சீவாமல் நிறுத்தினாள்.

"அதுல யாரு அம்மா?"

"அதான் தெரியல. பொடி அதைச் சொல்லாது. பாதிக்குப் பாதி, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பாதிதான்."

"கிழவிதானே அம்மாவா இருக்கணும்?"

"இருக்கலாம். சின்ன வயசுல பொண்ணு போயி, அப்புறம் கிழவி போயிருக்கலாம். இல்ல, அம்மா சின்ன வயசுல போயிட்டா, பொண்ணு இருந்து கிழவியாயி, செத்ததும் அந்தக் குழியையே தோண்டி அம்மாகூட வச்சிருக்கலாம்."

அம்மா யோசித்தாள். அவள் முகத்தில் வருத்தம் போய் வேறொன்று வந்திருந்தது. மகள் கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம் அது, ஒரு முடிவு சரியாக வராதபோது தனக்கு வருவது. "அப்ப அம்மாவை விடப் பொண்ணு கிழவி" என்றாள் அம்மா. "விநோதமா இல்ல?"

தாடையைப் பிரித்தாக வேண்டும் என்று குழு முடிவு செய்தது. அப்பாவின் கை இப்போது நடுங்குகிறது. "ஒட்டினவளையே கூப்பிடுங்க" என்று அவரே சொன்னார். அம்மா முதன்முறையாக அருங்காட்சியகத்துப் படியேறினாள். ஏறும்போது, "படி கொஞ்சம் உசரம்தான்" என்றாள். உள்ளே கையுறை, முகமூடி, வெள்ளை உடுப்பு எல்லாம் மாட்டிவிட்டார்கள். "இதெல்லாம் அப்பவே குடுத்திருக்கக் கூடாதா" என்றாள்.

பஞ்சை மருந்தில் நனைத்து ஒட்டின்மேல் வைத்தாள். காத்திருந்தாள். மறுபடி வைத்தாள். அவசரப்படவில்லை. மெழுகு இளகியது, பிறகு பசை. தாடை அவள் கையோடு வந்தது. அதைப் பக்கத்தில் இருந்த மணல் தட்டில் வைத்துவிட்டு, மண்டையையும் தாடையையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை காலம் ஒரே முகமாக இருந்தவர்கள் இப்போது இரண்டு பேராக இருந்தார்கள்.

"இடது காதுல என் எச்சில் இன்னும் இருக்குமா?" என்று பக்கத்தில் நின்ற மகளிடம் கேட்டாள்.

"ஒட்டுக்குள்ள இருக்கும்மா. அதை எடுக்க முடியாது."

"எவ்வளவு காலம் இருக்கும்?"

"இவங்களோடது இருந்த மாதிரி இருக்கலாம்."

அம்மா முகமூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. "அப்ப பின்னால எவளாவது வந்து துளை போட்டுப் பார்த்தா, மூணு பேருன்னு எழுதிருவா."

"எழுத மாட்டாம்மா. இவங்கது பழசு, நீ புதுசுன்னு பார்த்ததும் தெரிஞ்சிரும்."

"அப்ப நானும் பழசாயிருப்பேனே?"

எலும்பு டாக்டர் யோசித்துப் பார்த்தாள். அம்மா சொன்னது சரிதான். அத்தனை காலம் போன பிறகு மூன்று பேருடையதும் ஒரே மாதிரி பிய்ந்திருக்கும். இவள் யார், இந்த அம்மாவுக்கும் பொண்ணுக்கும் நடுவில் எங்கிருந்து வந்தாள் என்று, பின்னால் துளை போடப்போகும் அந்தப் பெண் மண்டையைப் பிய்த்துக்கொள்வாள்.

"பாவம்டி அவ" என்றாள் அம்மா. "ஏதாவது எழுதி உள்ள வச்சுட்டுப் போலாமா?"